பழைய வேனின் தீப்பொறி நேரம்: காதை நம்பலாமா?

காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் இரவுச் சந்தைச் சாமான்கள். லகாட், பூசிங் பக்கம் இன்னும் ஓடும் பழைய நிஸான் வானெட் வேன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன் இருக்கையைத் தூக்கினால் இயந்திரம் தெரியும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட இத்தகைய இயந்திரத்தில், ஒரு ஸ்பேனரும் டைமிங் லைட்டும் இருந்தால் தீப்பொறி நேரத்தை வீட்டிலேயே சரிசெய்யலாம். அதற்கு முன் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்வோம்.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, பிளக்கில் பொறி விழுந்த கணத்திலேயே முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவுவதற்குச் சில மில்லிவினாடிகள் ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் சுமார் 15 பாகை திரும்பியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் நல்ல இழுவை கிடைக்கும். ஆகவே பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழ வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்திற்கு 800 சுற்று என்றால், கிராங்க் ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 5 பாகை திரும்பும். 3,000 சுற்றில் அதே நேரத்தில் 18 பாகை. எனவே வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். அந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் மையவிலக்கு எடைகள் பார்த்துக்கொள்கின்றன. நாம் கையால் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டுமே.

திறந்த வெளியில் வேனை நிறுத்துங்கள்; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பாயிண்ட் உள்ள வண்டியானால் முதலில் அதன் இடைவெளியைச் சரிபாருங்கள். இடைவெளி மாறினால் பொறி நேரமும் மாறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது இருக்கும் நிலையையும் புல்லியில் உள்ள குறியையும் வெண்கட்டியால் அடையாளமிடுங்கள். இயந்திரம் நன்றாகச் சூடாகட்டும். எத்தனை பாகை, எந்த வேகம், வேக்குவம் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டுமா என்பதெல்லாம் வண்டியின் கையேட்டில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வேனின் எண் உங்கள் வேனுக்குப் பொருந்தும் என்று எண்ணாதீர்கள்.

டைமிங் லைட்டை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டினால், அங்கே பொறி விழும்போதெல்லாம் விளக்கு மின்னும். இரண்டு சுற்றுக்கு ஒரு மின்னல். 800 சுற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 7 முறை. ஒவ்வொரு மின்னலிலும் புல்லி அதே இடத்துக்கு வந்திருப்பதால் குறி அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். நீரலைத் தொட்டியில் ஸ்ட்ரோபோஸ்கோப் அலைகளை நிறுத்திக் காட்டுமே, அதே தத்துவம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது என்பேன். ஆனால் கவனம்: நிற்பதாகத் தெரிவது உண்மையில் சுழன்றுகொண்டிருக்கிறது. தொளதொளத்த சட்டைக் கையோடு குனிய வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அதே திசையில் திருப்பினால் பிந்தும். ரோட்டர், கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் நீங்கள் 1 பாகை திருப்பினால் கிராங்க் கணக்கில் 2 பாகை மாறிவிடும். குறி சரியான இடத்துக்கு வந்ததும் போல்ட்டை இறுக்கி, மறுபடியும் பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்திருக்கலாம்.

பலர் விளக்கே இல்லாமல் காதால் வைப்பார்கள். சிக்கல் அங்கேதான். பொறியை முந்த வைத்தால் நின்ற இடத்தில் இயந்திரம் வேகமாகவும் மென்மையாகவும் ஓடும். காதுக்கு அதுதான் சரி என்று படும். அதே வேன் சுமையோடு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைச் சாலையில் ஏறும்போது, டப்பாவில் சில்லறைக் காசைக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். தீ வந்து சேருமுன், நசுங்கிச் சூடேறிய மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும் சத்தம் அது. தொடர்ந்து விட்டால் பிஸ்டனே ஓட்டையாகலாம்.

இந்தச் சத்தத்துக்குப் பயந்து ரோன் 97 பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் உண்டு. சத்தம் அடங்கலாம், ஆனால் தவறான நேரம் தவறாகவேதான் இருக்கும். ரோன் 95 போதும் என்று கையேடு சொல்கிற வண்டிக்கு அது வீண்செலவு. பொறியை அளவுக்கு மீறிப் பிந்த வைப்பதும் தீர்வல்ல. இழுவை குறையும், பெட்ரோல் கூடும், இயந்திரம் சூடேறும்.

விளக்கொளியில் குறி ஒரே இடத்தில் நிற்காமல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு தேய்ந்திருக்கலாம். ஆக்சிலேட்டரைக் கூட்டியும் குறி நகரவில்லையா? உள்ளே எடைகள் இறுகிக் கிடக்கின்றன. அப்படியானால் போல்ட்டைத் திருப்பிப் பயனில்லை, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.