ஐஸ் கட்டியும் அளவான பிரிட்ஜும்



“ஐஸாகிட்டா கிருமி செத்துடும்” என்று நம்பாதீர்கள். குளிரில் பல கிருமிகள் சாவதில்லை; ஐஸ் உருகிய நீரோடு வயிற்றுக்குள் போய்க் குழந்தைக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

ஆகவே தண்ணீர் தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். மூடி ஆறவைத்து, கழுவிய டிரேயில் ஊற்றுங்கள். விளிம்புவரை வேண்டாம்; தண்ணீர் உறைந்தால் விரியும். கழுவாத கையால் கட்டியை எடுக்காதீங்க.

பிரிட்ஜ் வாங்கப் போறீங்களா? சிறிய குடும்பத்துக்குப் பெரும்பாலும் அளவான ஒற்றைக் கதவுப் பெட்டியே போதும். ஒரே அளவுப் பெட்டிகளில் நட்சத்திரக் குறி கூடியதற்குக் கரண்டு குறைவு. கரண்டு போனால் கதவைத் திறக்காதீங்க; சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும்.

கடனுக்குப் பெரிய பெட்டி வேண்டாம். அளவான குடும்பத்துக்கு அளவான பெட்டி!