வேலி தாண்டும் பூச்செடிகள்

முன்னுரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை நிரல்படத் தொகுத்துத் தந்துள்ளார். தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்த செய்தி இது. அப்பட்டியலை மனத்திற்கொண்டு இன்று நீலகிரி அடிவாரத்துக் காட்டு வழியில் நடப்பவர் கண்ணில் அடிக்கடி படும் மலர் அந்த 99இல் ஒன்றன்று. மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து கொத்துக்கொத்தாய்ப் பூத்திருக்கும் உண்ணிப்பூவே அது. கபிலர் அதனைப் பாடாதது மறதியால் அன்று. அவர் காலத்தில் அச்செடி இம்மண்ணில் இல்லை. அது பிற்காலத்தே அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட தோட்டச் செடி.

இத்தகைய செடி ஒன்றினை நாமே நட்டு வளர்த்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன், எம் துறை முற்றத்து மருதாணி வேலியின் ஓரம் வெறுமையாய்க் கிடந்தது. நாற்றுப்பண்ணையில் ‘வெடேலியா’ என்று சொல்லித் தந்த மஞ்சள்பூக் கொடியின் தண்டுகள் பத்தினை அங்கே ஊன்றினோம். நீர் ஊற்ற மறந்தாலும் வாடவில்லை, பூச்சியும் அண்டவில்லை, ஆண்டு முழுவதும் பூத்தது. மகிழ்ந்தோம். இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. அவ்வேலியடியில் தாமாக முளைத்துவந்த தும்பையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் காணாமற்போயின. புறத்திணைப் பாடம் நடத்தும்போது தும்பைப் பூ ஒன்றைப் பறித்துவந்து மாணவர்க்குக் காட்டுவது எம் வழக்கம். அதற்காக அடுத்த தெருவுக்குச் செல்ல நேர்ந்தபோதுதான், செய்த பிழை எமக்கு விளங்கிற்று. இக்கட்டுரை அப்பிழையிலிருந்து பிறந்ததாகும்.

தோட்டத்தில் குணம், காட்டில் குற்றம்

அயல்நாட்டுச் செடிகள் யாவும் தீயன என்று கூறுவது நம் நோக்கமன்று. மிளகாய், தக்காளி, நிலக்கடலை ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவையே. உழவன் விதைத்து நீர்பாய்ச்சிக் காத்தால் அவை விளைகின்றன; கைவிட்டால் மறைகின்றன. வந்த செடிகளுள் மிகச் சிலவே வேலி தாண்டிப் பரவுகின்றன. அவற்றை வேறுபடுத்துவது யாது?

தோட்டம் வைப்போர் ஒரு செடியிடம் எதிர்பார்க்கும் பண்புகளை எண்ணிப் பார்ப்போம். எம்மண்ணிலும் வளர வேண்டும், வறட்சியைத் தாங்க வேண்டும், ஆடுமாடு கடிக்கக்கூடாது, பூச்சி அரிக்கக்கூடாது, தண்டினை ஒடித்து நட்டாலே வேர்விட வேண்டும், ஓயாது பூக்க வேண்டும். இப்பண்புகள் அனைத்தும் ஒருங்கே அமைந்த செடி, தோட்டக்காரன் இன்றியும் வாழ வல்லது. தாயகத்தில் அதனைத் தின்னும் பூச்சிகளும் அதனைத் தாக்கும் நோய்களும் உண்டு. அவை அதனை ஓர் அளவில் நிறுத்துகின்றன. கடல் கடந்து வரும்போது செடி மட்டுமே வருகிறது. அதன் பகைகள் வருவதில்லை. தோட்டத்தில் குணமாய் நின்ற பண்பு காட்டில் குற்றமாவது இவ்வாறே. இதனை இரண்டு சான்றுகளால் விளக்குவோம்.

உண்ணிச்செடி

உண்ணிச்செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ‘லண்டானா கமாரா’ என்னும் அறிவியற்பெயரை 1753இல் லின்னேயசு வழங்கினார். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வீடுகளில் அதனை வளர்த்து, இனங்களைக் கலந்து, பல வண்ண வகைகளை உருவாக்கினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்திற்கு அழகுச் செடியாக வந்து சேர்ந்தது. பின்னர் மாளிகைத் தோட்டங்களுக்கும் வேலிகளுக்கும் சென்றது. அதன் கருநிறக் கனிகளைக் கொண்டைக்குருவி முதலிய பறவைகள் விரும்பி உண்டு, விதைகளைக் காடெங்கும் எச்சத்தோடு இட்டன.

புதராய் அடர்ந்த உண்ணிச்செடியின் அடியில் புல் தழைப்பதில்லை. மர நாற்றுகள் மேலெழுவதில்லை. புல்லை நம்பி வாழும் மானும் காட்டெருமையும் மேய்ச்சலை இழக்கின்றன. அதன் இலையில் உள்ள நச்சுப்பொருள் கால்நடைகளின் கல்லீரலைத் தாக்கும். அதனைத் தின்ற மாட்டின் தோல் வெயில் பட்டாற் புண்ணாகும். இந்தியாவில் புலிகள் வாழும் நிலப்பகுதிக் காடுகளில் ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இச்செடி பரவியுள்ளதாக 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்குக.

இதனை அடக்க 1902இலேயே ஹவாய்த் தீவுகளில் மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைக் கொணர்ந்து விட்டனர். இந்தியாவிலும் பின்னர்ப் பூச்சிகள் விடப்பட்டன, செடி அடங்கவில்லை. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. ஆதலின் தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு முறையைப் பரிந்துரைத்தனர். மண்ணுக்குக் கீழே சில விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவதே அம்முறை. வெறுமையான அவ்விடத்தில் நம் நாட்டுப் புல்லையும் மரங்களையும் வளர்த்தல் வேண்டும். இன்றேல் பறவைகள் இட்ட விதைகளிலிருந்து அதுவே மீளும்.

ஆகாயத்தாமரை

நிலத்திற்கு உண்ணிச்செடி எவ்வாறோ, நீருக்கு ஆகாயத்தாமரை அவ்வாறே. தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இது, இளநீல மலரின் எழிலுக்காகப் பல நாடுகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தை அடைந்து, சில பத்தாண்டுகளில் ஆறுகளையும் கால்வாய்களையும் மூடியது. படகுகள் நகர இயலவில்லை, நெல்வயல்களும் பாழாயின. அதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காளத்தில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1937இல் நடந்த தேர்தலில் அச்செடியை அகற்றுவது வாக்குறுதியாயிற்று. மாளிகைக் குளத்தில் மிதந்த பூ, ஒரு மாகாணத்தின் அரசியற் சிக்கலாய் வளர்ந்தது.

தாய்ச்செடியிலிருந்து ஓடும் தண்டின் நுனியில் சேய்ச்செடி தோன்றுகிறது. அது பிரிந்து தானும் ஈனுகிறது. வெப்பமும் கழிவுநீரின் ஊட்டமும் வாய்த்தால் இரு வாரங்களில் இருமடங்காகும். ஓர் ஏரியின் பாதியை அது மூடியிருக்கக் கண்டு, இன்னும் பாதி இருக்கிறதே என்று நாம் ஆறுதல் கொண்டால், எஞ்சிய பாதிக்கு இரு வாரங்களே தவணை. மூடிய நீரில் ஒளி புகாது, உயிர்வளி குறையும், மீன் மடியும். விதைகளோ சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆதலின் ஒருமுறை வாரிக் கரையிலிட்டு நிறுத்திவிடுவதாற் பயனில்லை. ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுப்பதும் உடன் நிகழ வேண்டும்.

பெயர் தரும் மயக்கம்

மொழி பயில்வோர் கருதத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. வந்தேறிய செடிகள் பலவும் நம் செடிகளின் பெயர்களை அணிந்துகொண்டு உலவுகின்றன. ஆகாயத்தாமரை என்பது, முட்டைக்கோசு போல் இலையடுக்குடைய வேறொரு மிதக்கும் மூலிகைக்கு நம் மருத்துவர் வழங்கிய பெயர். இன்று அமேசான் செடியையும் அதே பெயரால் அழைக்கின்றோம். வெங்காயத்தாமரை என்னும் வழக்கு அதனினும் தெளிவானது. முதுமலைக் காடுகளில் பரவி, அகற்றப்பட்டுவரும் அமெரிக்க மரம் ஒன்று மஞ்சள் கொன்றை எனப்படுகிறது. இலக்கியம் போற்றும் சரக்கொன்றை அதனின் வேறு.

எம் முற்றத்து வெடேலியாவும் இவ்வகையினதே. கீரையாகவும் மருந்தாகவும் பயன்படும் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு அது நெருங்கிய உறவு. பூவை மட்டும் கண்டு இதனை அதுவென்று மயங்குவோர் உளர். கரிசலாங்கண்ணியின் இலை பிளவின்றி நீண்டிருக்கும்; வெடேலியாவின் இலை பெரும்பாலும் மும்மடலாய்ப் பிளவுபட்டிருக்கும். ‘உலகின் மிகத் தீய 100 ஊடுருவல் உயிரினங்கள்’ என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் உண்ணிச்செடி, வெங்காயத்தாமரை ஆகியவற்றோடு வெடேலியாவும் இடம்பெற்றுள்ளது. பழகிய பெயர் அயன்மையை மறைக்கிறது. மறைந்ததை யாரும் கேள்வி கேட்பதில்லை.

நாம் செய்யத்தக்கன

2022இல் தமிழ்நாடு அரசு ஊடுருவல் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கையை வெளியிட்டது. காடுகளில் ஆற்ற வேண்டிய பணி அரசினுடையது. வீட்டிலும் கல்விக்கூடத்திலும் பள்ளிவாசல் தோட்டத்திலும் ஆற்ற வேண்டியது நம்முடையது.

1. ஒரு செடியை வாங்குமுன் அதன் தாயகம் எது, எவ்வழியிற் பரவுவது என வினவுதல் வேண்டும். ‘போட்டாலே போதும், தானே வளரும்’ என்று விற்பவர் புகழ்ந்தால், அதனையே எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

2. கழித்த கொடிகளை வாய்க்காலிலோ வெற்று மனையிலோ எறிதல் கூடாது. தொட்டியில் வளர்த்த நீர்ச்செடிகளைக் குளத்தில் விடுதலும் கூடாது.

3. களைவதாயின் காய் முற்றுமுன் களைய வேண்டும். கணுவில் வேர்விடும் கொடிகளை மண்மீது போடாமல் சிமெண்டுத் தரையில் பரப்பி முற்றக் காயவிட வேண்டும்.

4. களைந்த இடத்தை வெறுமையாய் விடாது நம் செடிகளை நடுதல் வேண்டும். வெட்சியும் நொச்சியும் இலக்கணத்தில் திணைப்பெயர்கள் மட்டுமல்ல. வேலியோரம் எளிதில் வளரும் செடிகளும் ஆகும்.

முடிவுரை

செடிக்கு நன்மை தீமை தெரியாது. தனக்கு இயன்றவரை வளர்வதே அதன் இயல்பு. கடல் கடந்து அதனைக் கொணர்ந்தவரும் மனிதர். பெயர் மாற்றி அழைத்தவரும் மனிதர். வேலியோரம் நட்டவர் நாம். ஆதலின் பொறுப்பும் நம்மையே சாரும்.

எம் முற்றத்துக் கொடியை மாணவர் துணையோடு மும்முறை தோண்டி எடுத்தோம். ஊன்றுவதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. எடுப்பதற்கு ஓராண்டு ஆகியும் வேலை முடியவில்லை. விடுபட்ட கணு ஒவ்வொன்றும் மழைக்குப் பின் துளிர்க்கிறது. வாரம் ஒருமுறை குனிந்து பிடுங்குகின்றோம். சென்ற ஐப்பசி மழைக்குப் பின் அவ்விடத்தில் தும்பை நான்கு முளைத்தன. இவ்வாண்டு புறத்திணைப் பாடத்திற்கு மாணவரை அங்கேயே அழைத்துச் சென்றோம். பூவைப் பறிக்கவில்லை; விதைக்கு விட்டுவைத்தோம்.