டேட்டா பார்த்துக் கட்டினால் ஜெயிக்கலாமா?

ஜெயங்கொண்டத்திலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கிரிக்கெட் பேசும் இளைஞர்களின் பேச்சு மாறிவிட்டது. முன்பெல்லாம் "இன்னிக்கு யாரு ஜெயிப்பா?" என்று ஆரம்பித்து அதோடு முடியும். இப்போது சேப்பாக்கத்தில் இரண்டாவதாக ஆடும் அணியின் சராசரி, இடக்கைச் சுழலுக்கு எதிரே ஒரு பேட்ஸ்மேனின் ஸ்ட்ரைக் ரேட், கடைசி ஐந்து ஆட்டங்களின் பவர்பிளே ரன் என்று எண்கள் வந்து விழுகின்றன. கைபேசியில் எக்செல் தாள். டெலிகிராமில் காசு கட்டிச் சேர்ந்த 'ரிப்போர்ட்' குழு. போதாததற்கு இப்போது ஏஐ. விளையாட்டை எண்களால் படிக்கும் இந்த ஆர்வத்தில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த எண்களை நம்பிச் சம்பளப் பணத்தை ஒரு பந்தய 'ஐடி'யில் கொட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் சில நம்பிக்கைகள் நம் பக்கத்தில் வேர்விட்டிருக்கின்றன.

நம்பிக்கை: கண்ணை மூடிக்கொண்டு கட்டினால்தான் சூதாட்டம். டேட்டா பார்த்துக் கட்டினால் அது கணக்கு.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்படும் முன், பழைய குலுக்கல்களின் கடைசி எண்களை நோட்டில் எழுதிவைத்து அடுத்த எண்ணைக் 'கெஸ்ஸிங்' செய்தவர்கள் ஏராளம். அது வெறும் வீண் வேலை. நேற்றைய குலுக்கலுக்கும் இன்றைய குலுக்கலுக்கும் எந்த உறவும் கிடையாது. கிரிக்கெட் அப்படியில்லை. பழைய ஆட்டங்களில் உண்மையான தகவல் இருக்கிறது. நல்ல பந்துவீச்சாளர் நாளையும் பெரும்பாலும் நன்றாகவே வீசுவார். ஆகவே டேட்டாவால் பயனே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த அந்தத் தகவல், பந்தயம் நடத்துபவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும். அதை வைத்துத்தான் அவர் விலையையே போடுகிறார். பலமான அணிக்குக் குறைந்த பணம், பலவீனமான அணிக்கு அதிகப் பணம் என்று விலை நிற்பதற்குக் காரணமே அந்த டேட்டாதான். எனவே "எந்த அணி ஜெயிக்கும்?" என்று கண்டுபிடிப்பது போதாது. "போட்டிருக்கும் விலை எந்தப் பக்கம், எவ்வளவு தவறு?" என்று கண்டுபிடித்தாக வேண்டும். இது பல மடங்கு கடினமான கேள்வி.

அதற்கு மேல் அவருடைய கமிஷன். சமபலமான இரண்டு அணிகள் மோதுகின்றன. எந்தப் பக்கம் 100 ரூபாய் கட்டினாலும், வென்றால் கட்டிய பணத்தோடு சேர்த்து 190 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். இருவர் எதிரெதிர்ப் பக்கம் கட்டுகிறார்கள். உள்ளே வந்தது 200, வெளியே போவது 190. யார் ஜெயித்தாலும் பத்து ரூபாய் நடத்துபவரிடம் தங்கிவிடும். இந்த விலையில் நூறு ஆட்டங்களுக்குக் கட்டுபவர் 50 முறை சரியாகச் சொன்னால் 500 ரூபாய் நஷ்டம். கை கடிக்காமல் தப்பவே 53 முறை சரியாகச் சொல்ல வேண்டும்.

சில ஓவர்களில் எத்தனை ரன் வரும் என்று கட்டும் 'செஷன்' பந்தயத்தில் இந்தக் கமிஷன் இன்னும் நுணுக்கமாக ஒளிந்திருக்கிறது. ஆறு ஓவர் ரன்னுக்கு 'நோ' 47, 'யெஸ்' 48 என்று கொடுப்பார்கள். 46 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'நோ' கட்டியவருக்கு, 48 அல்லது அதற்கு மேல் வந்தால் 'யெஸ்' கட்டியவருக்கு. சரியாக 47 வந்தால்? இரண்டு பக்கப் பணமும் நடத்துபவருக்கே. கூடவே, கைபேசியில் நாம் பார்க்கும் நேரலை மைதானத்தைவிடச் சில விநாடிகள் பின்தங்கித்தான் வருகிறது. பந்து என்ன ஆனது என்று அறிந்தவரோடு, அறியாதவர் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நம்பிக்கை: பழைய ரெக்கார்டு பொய் சொல்லாது.

2025 மார்ச் 28. ஐபிஎல் ஆட்டம், சேப்பாக்கத்தில் சென்னையும் பெங்களூருவும். 2008-க்குப் பிறகு பெங்களூரு அணி அங்கே சென்னையை வென்றதே இல்லை என்பதுதான் அன்று எல்லா 'ரிப்போர்ட்'டிலும் முதல் வரி. பெங்களூரு 50 ரன் வித்தியாசத்தில் வென்றது. எட்டு நாள் கழித்து, 2010-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை வெல்லாத டெல்லியும் வென்றது. அந்த ஆண்டு சென்னை முதல்முறையாகப் புள்ளிப் பட்டியலின் கடைசியில் நின்றது. அதுவரை கோப்பையே தொடாத பெங்களூரு ஜூன் 3 அன்று கோப்பையைத் தூக்கியது.

இதில் அதிசயம் எதுவுமில்லை. 2008-ல் அங்கே வென்ற பெங்களூரு அணியின் கேப்டன் திராவிட். 2025-ல் ரஜத் பாட்டிதார். விராட் கோலியை விட்டால், இரண்டு அணிகளுக்கும் பெயர் மட்டும்தான் பொது. ஆடுகளம் மாறியது, ஏலத்தில் வீரர்கள் மாறினார்கள், 2023-ல் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரரை மாற்ற அனுமதிக்கும் 'இம்பாக்ட் பிளேயர்' விதி வந்து ரன் குவிப்பின் கணக்கே மாறியது. 2024 ஏப்ரலில் ஐதராபாத் 20 ஓவரில் 287 ரன் எடுத்தது. 2022 வரையிலான எண்களை வைத்து 'இந்த மைதானத்தில் சராசரி ஸ்கோர் இவ்வளவு' என்று சொல்லும் கருவி, வேறொரு விளையாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. 2025 ஐபிஎல் பருவத்தில் மொத்தமே 74 ஆட்டங்கள். டாஸ், மைதானம், பகல், இரவு, ஈரப்பதம், நடுவர், ஜெர்ஸி நிறம் என்று ஐம்பது காரணிகளை அந்த 74 ஆட்டங்களோடு பொருத்திப் பார்த்தால், ஏதோ இரண்டு மூன்று தற்செயலாகக் கச்சிதமாகப் பொருந்தியே தீரும். பழைய ஆட்டங்களில் 80 சதவீதம் சரியாகச் சொன்ன சூத்திரம் அடுத்த பருவத்தில் கவிழ்வது இதனால்தான். ஏஐ செயலியிடம் கேட்டாலும் இந்தக் குறை தீராது. இல்லாத எண்ணைக்கூட அது தயங்காமல் சொல்லும்.

கிரிக்கெட் எண்களைப் பொறுப்போடு ஆராய்ந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். சென்னை ஐஐடியும் அதன் ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள ஞான் டேட்டா நிறுவனமும் ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோவோடு சேர்ந்து 2019-ல் 'சூப்பர்ஸ்டாட்ஸ்' என்ற அளவீடுகளைக் கொண்டுவந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் 'லக் இண்டெக்ஸ்'. விட்ட கேட்ச், தவறான தீர்ப்பு போன்றவை ஆட்டத்தின் முடிவை எத்தனை ரன் அசைத்தன என்று மதிப்பிடும் கருவி. கிரிக்கெட்டை எண்ணால் அளக்க முனைந்த அறிஞர்கள் அதிர்ஷ்டத்துக்குத் தனியாக ஓர் அளவுகோல் வைக்க வேண்டியிருந்தது. அந்த அதிர்ஷ்டத்தை எந்தச் சூத்திரத்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை: அந்த டெலிகிராம் அண்ணன் சொன்னது தொடர்ந்து பத்து ஆட்டம் பலித்தது.

பலித்திருக்கும். இதைச் செய்வது எளிது. 1,024 பேரிடம் கைபேசி எண்களை வாங்குங்கள். பாதிப் பேருக்குச் சென்னை, மீதிப் பாதிக்கு மும்பை என்று அனுப்புங்கள். சரியாகப் போன 512 பேருக்கு மட்டும் அடுத்த ஆட்டத்தை அதேபோல் பிரித்து அனுப்புங்கள். பிறகு 256, 128, 64. பத்தாவது ஆட்டம் முடியும்போது ஒரே ஒருவர் மிஞ்சுவார். அவரைப் பொறுத்தவரை இந்த அண்ணன் தெய்வம். அவரிடம் 'பிரீமியம் குழுவுக்கு ஐயாயிரம்' என்று கேட்டால் கடன் வாங்கியாவது கொடுப்பார்.

ஏமாற்றும் எண்ணமே இல்லாமலும் இது நடக்கும். நூறு பேர் காசைச் சுண்டிச் சுண்டி நூறு ஆட்டங்களுக்கு முடிவு சொன்னால், ஏறத்தாழ 18 பேர் 55 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் தங்களை நிபுணர்கள் என்றே நம்புவார்கள். ஸ்கிரீன்ஷாட் போடுபவர்கள் அவர்கள்தான். மீதி எண்பத்திரண்டு பேரில் தோற்றவர்கள் குழுவிலிருந்து சத்தமில்லாமல் விலகியிருப்பார்கள். ஊரில் நமக்குத் தெரிந்த ஒருவர் பைக் வாங்கியது காதில் விழுகிறது, இன்னொருவர் வீட்டில் நகை அடகுக்குப் போனது விழுவதில்லை.

நம்பிக்கை: வெளிநாட்டில் டேட்டாவால் கோடீஸ்வரர் ஆனவர்கள் இருக்கிறார்களே!

இருக்கிறார்கள். பில் பென்டர் என்ற அமெரிக்கர் 1980களில் ஹாங்காங் குதிரைப் பந்தயத்துக்குக் கணினி மாதிரி எழுதிப் பெரும்பணம் சம்பாதித்தார். தன் முறையை 1994-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார். டோனி ப்ளூம் இங்கிலாந்தில் ஆய்வாளர் படையையே வைத்துப் பந்தயம் கட்டுகிறார். பிரைட்டன் கால்பந்து அணி அவருடையது. ஆனால் பென்டர் விளையாடிய இடம் சட்டப்படி இயங்கியது. அங்கே திரும்பத் திரும்ப ஓடியவை ஏறக்குறைய அதே குதிரைகள். பந்தயம் கட்டியவர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டினார்கள், நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். யார் வென்றாலும் அவருக்குக் கவலையில்லை.

நம் பையன்கள் கட்டுவது நடத்துபவருக்கே எதிராக. அங்கே தொடர்ந்து வெல்பவருக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. லிசாண்ட்ரோ கவுனிட்ஸ் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் பல நிறுவனங்களின் கால்பந்து விலைகளை ஒப்பிட்டு, சராசரியிலிருந்து விலகி நிற்கும் விலைகளில் மட்டும் கட்டும் எளிய முறை ஒன்றைச் சோதித்தார்கள். சொந்தப் பணத்தைக் கட்டியபோதும் லாபம் வந்தது. சில மாதங்களில் பந்தய நிறுவனங்கள் அவர்களுடைய கணக்குகளைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. 2017-ல் அவர்கள் எழுதிய கட்டுரை இதை அப்படியே பதிவு செய்கிறது. தோற்பவரைத் தொடர்ந்து ஆடவிடுவதும் வெல்பவரை வெளியே தள்ளுவதும்தான் இந்தத் தொழில். நீங்கள் தடையில்லாமல் கட்ட முடிகிறது என்றால், அவர்களுடைய டேட்டாவில் நீங்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்பிக்கை: ஸ்கோர்கார்டு இருக்கிறது, நேரலை இருக்கிறது, மேட்ச் பொய்யாக இருக்காது.

2020 ஜூன் 29 அன்று இலங்கையின் பதுளையில் 'ஊவா டி20 லீக்' ஆட்டம் நடப்பதாக இணையத்தில் நேரலை ஓடியது. சில தளங்கள் ஸ்கோரும் கொடுத்தன. இலங்கை கிரிக்கெட் வாரியம் தனக்கு அப்படி ஒரு தொடரே தெரியாது என்றது. ஆட்டம் நடந்த இடம் சண்டிகர் அருகே சவாரா என்ற கிராமத்து மைதானம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில் குஜராத்தின் மேசானா மாவட்டப் போலீசார் மோலிபூர் கிராமத்தில் இன்னும் பெரிய மோசடியைப் பிடித்தார்கள். வயல்வெளியில் ஒரு பிட்ச், மின்விளக்குகள், கேமராக்கள். ஆட்டத்துக்கு 400 ரூபாய் கூலிக்கு வந்த பண்ணைத் தொழிலாளர்கள் ஐபிஎல் ஜெர்ஸியில் ஆடினார்கள். இணையத்திலிருந்து எடுத்த கூட்டச் சத்தம். புகழ்பெற்ற வர்ணனையாளரின் குரலைப் போலவே பேச ஓர் ஆள். நடுவர் கையில் வாக்கிடாக்கி, எந்தப் பந்தில் சிக்ஸர், எந்தப் பந்தில் அவுட் என்ற உத்தரவு அதில் வந்தது. பணம் கட்டியவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். அந்த ஸ்கோர்களை ஒருவர் எக்செல்லில் ஏற்றி ஆராய்ந்திருந்தால் அழகான வரைபடங்கள் கிடைத்திருக்கும், அத்தனையும் வாக்கிடாக்கியில் முடிவான எண்கள். கண்டதெல்லாம் லீக் என்று இருபத்துநான்கு மணி நேரமும் ஆட்டம் காட்டும் செயலிகளில் கட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

நம்பிக்கை: திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

ஃபேன்டசி கிரிக்கெட் திறமை விளையாட்டு என்று 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ரம்மி பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அப்படிச் சொன்னதும் உண்மை. ஆனால் ஆட்டத்தின் முடிவு மீது நேரடியாகப் பணம் கட்டுவதற்கு அந்தத் தீர்ப்புகள் குடை பிடிக்கவில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தின்படி, ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதற்கும் மேலே, 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையையே தூக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடுத்தது. ஃபேன்டசி செயலியான ட்ரீம்11 தன் பணப் போட்டிகளை நிறுத்தியது. எதிர்ப்பு வழக்குகள் உச்ச நீதிமன்றம் போயின. நிறுத்தாமல் இன்றும் பணம் வாங்குபவை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இயங்குபவை. ஜெயித்த பணம் வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய் என்னவென்று புகார் கொடுப்பது? முன்பின் தெரியாத கணக்குகளிலிருந்து வரும் பணத்தால் உங்கள் வங்கிக் கணக்கே முடக்கப்படலாம்.

இந்த எண் ஆர்வம் நல்ல வழியில் போகவும் இடம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பிரசன்னா அகோரம் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்க அணியின் ஆட்ட ஆய்வாளராக இருந்தார். 'கிரிக்‌ஷீட்' என்ற தளம் பந்துக்குப் பந்து விவரங்களை இலவசமாகத் தருகிறது. நம் மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அதில் பைத்தான் பழகலாம். கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது.

ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்த அணியையும் ஆராயும் முன் உங்கள் ஓராண்டு வங்கி ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் ஏற்றுங்கள். 'ஐடி'க்குப் போனதை ஒரு பத்தியிலும் அங்கிருந்து வந்ததை அடுத்த பத்தியிலும் போட்டுக் கழித்துப் பாருங்கள். கடன் ஏறியிருந்தால் இன்றைக்கே வீட்டில் அம்மாவிடமோ அண்ணனிடமோ சொல்லிவிடுங்கள், அதை மீட்க இன்னொரு மேட்ச் கட்டாதீர்கள். மனம் உடைந்து போயிருந்தால் 104-க்கோ, டெலி மானஸ் 14416-க்கோ எந்த நேரமும் அழையுங்கள். தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது.