சபைக்கூச்சமும் சரீர உழைப்பும்

ஜும்ஆ நாளில் பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பைக் கவனித்தவர்கள் அறிவார்கள். இமாம் தக்பீர் கட்டும் நேரத்தில் வந்து ஓரமாக நின்று, ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு விரைந்துவிடும் வாலிபர்கள் விழுப்புரத்திலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. இவர்களுக்கு மார்க்கப் பற்று இல்லை என்று நாம் சுலபமாக முடிவு கட்டிவிடுகிறோம். சிலருடைய நிலை அதுவல்ல. "என்ன தம்பி, எங்கே வேலை?" என்று வாசலில் நாலு பேர் கேட்டுவிட்டால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நிமிஷத்துக்கு அஞ்சித்தான் ஓடுகிறார்கள். இத்தகையவர் நிக்காஹ் சபைக்கு வரமாட்டார். நேர்முகத் தேர்வுக்கென்று சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ரயில் ஏறாமலே வீடு திரும்புவார்.

நம் முன்னோர் இதற்குச் சபைக்கூச்சம் என்று பெயரிட்டார்கள். வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு அது முற்றும்போது வைத்தியர்கள் அதை ஒரு நோயாகவே கருதுகிறார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அது தனியாக இடம் பெற்றது.

நம்மிலோ இதை 'ஹயா' என்று சொல்லிப் பாராட்டுவோர் இருக்கிறார்கள். "பையன் தலை நிமிர்ந்து பேசமாட்டான், அவ்வளவு அடக்கம்" என்பார்கள். நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹயா மனிதனைத் தீமையிலிருந்து தடுப்பது. இந்த அச்சமோ நன்மையிலிருந்தே தடுக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் தோழர்களிடம், இலை உதிராத, முஸ்லிமுக்கு உவமையான மரம் எதுவென்று வினவினார்கள். இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்சை என்று மனதில் பட்டது. பெரியவர்கள் வாய் திறவாதிருக்கக் கண்டு கூசி மௌனமானார்கள். பின்னர் தந்தையிடம் அதைச் சொன்னபோது, உமர் (ரலி) அவர்கள் அந்த மௌனத்தைப் புகழவில்லை. மகன் பதில் சொல்லியிருந்தால் தமக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றே கூறினார்கள்.

சரி, இந்த அச்சத்துக்கும் சரீர உழைப்புக்கும் என்ன சம்பந்தம்?

திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் ஏறிப் பாருங்கள். பாதி மலை ஏறுவதற்குள் இதயம் தடதடவென்று அடிக்கும், சட்டை நனையும், மூச்சு வாங்கும், கால் நடுங்கும். ஆயினும் யாரும் அதைக் கண்டு பயப்படுவதில்லை. படி ஏறினோம், அதனால் அடிக்கிறது என்று அறிவு சொல்கிறது. சபையில் எழுந்து நிற்பவருக்கு உடம்பில் ஏற்படுவதும் ஏறக்குறைய இதே மாற்றங்கள்தாம். ஆனால் அவர் தம் இதயத் துடிப்பையே ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். "நான் நடுங்குவதை எல்லோரும் பார்க்கிறார்கள்" என்ற எண்ணம் எழ, துடிப்பு இன்னும் கூடுகிறது. அன்றாடம் வேகமாக நடந்து, ஓடி, மூச்சு வாங்கி, மீண்டும் தணிந்து பழகிய உடம்பு, படபடப்பு வந்தால் போய்விடும் என்பதைத் தானே கற்றுக்கொள்கிறது. நூறு வார்த்தை உபதேசம் செய்தாலும் இந்தப் பாடத்தைப் புகட்ட முடியாது.

இது வெறும் யூகமல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சபைக்கூச்ச நோயுள்ள 56 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சியும், மறு சாராருக்கு மூச்சு வாங்கும்படியான உடற்பயிற்சியும் கொடுத்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். இரு சாராருக்குமே அச்சம் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழிந்தும் அந்தப் பலன் நின்றது. ஐம்பத்தாறு பேர் என்பது சிறு தொகைதான். எனவே இதையே கடைசி வார்த்தையாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து தேவைப்படுகிறவரே மருந்துக்கு அஞ்சுகிறார். மைதானத்தில் ஓடினால் பார்ப்பார்கள், பந்தைத் தவறவிட்டால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார். உழைக்காத உடம்பு சற்று அசைந்தாலும் படபடக்கிறது, அது அச்சத்துக்குத் தீனியாகிறது. பொதுவாகவே நம் மக்கள் உடலை அசைப்பது குறைவு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டீகர் ஆகிய இடங்களில் 14,227 பேரிடம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியாயிற்று. அதில் பாதிக்கு மேற்பட்டோர், 54.4 சதவீதம் பேர், போதிய சரீர உழைப்பில்லாதவர்கள். கூச்சமுள்ளவர் இதில் எந்தப் பக்கம் இருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆகவே தொடக்கம் சிறியதாக இருக்கட்டும். பஜ்ருக்கு ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு நடந்தே போய், தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் வேகமாக நடந்து திரும்பினால் போதும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது இவ்வாறு உழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பக்கத்தில் நடப்பவர் முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை என்பதால் பேச்சும் தானாக வரும். மூஸா (அலை) அவர்களே, நெஞ்சு நெருக்கடியாகிறது, நாவு சரளமாக வரவில்லை என்று முறையிட்டு, சகோதரர் ஹாரூனைத் துணைக்குக் கேட்டவர்கள்தாம். துணை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களுக்கும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது. கொஞ்சம் துணிவு வந்தபின் கூட்டமாக நடப்போருடன் அங்கே சேர்ந்துகொள்ளலாம்.

தனியே நடப்பதோடு நின்றுவிட்டால் பாதிப் பலன்தான். உடம்பின் படபடப்பு உழைப்பால் தணியும், மனிதர் மேலுள்ள அச்சமோ மனிதர் நடுவில்தான் தணியும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத பாதையாகத் தேடி நடப்பவர் நடையையே ஒளிவிடமாக்கிக்கொள்கிறார். ஜமாஅத்தின் ஸஃப்பு இவ்வகையில் எளிய இடம். தோளோடு தோள் சேர்கிறது, யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. (இதனால் தொழுகையை உடற்பயிற்சி என்று மேடைகளில் பேசுவது எனக்கு உடன்பாடல்ல. இபாதத் இபாதத்தே.) தொழுதபின் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, ஒருவருக்கு மட்டும் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்தால் முதல் வாரத்துக்கு அது போதும். பெரியவர்களும் வாசலிலேயே மறித்து வேலை, கல்யாணம் என்று விசாரணை நடத்தாதிருக்க வேண்டும்.

பெண்களுக்கு நம் ஊர்களில் நடக்க இடமேது என்று கேட்பீர்கள். ஒரு பயணத்தில் நபியவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதல்முறை ஆயிஷா நாயகியே வென்றார்கள். மறைவுக்கு வழி செய்துகொண்டு ஓட முடிந்ததல்லவா? மொட்டைமாடி இருக்கிறது, கூட வர அக்காள் தங்கை இருக்கிறார்கள்.

இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். நடந்தும் பழகியும் அச்சம் தீராமல் படிப்பும் பிழைப்பும் கெடுமானால் மனநல வைத்தியரிடம் போவதற்குத் தயங்கலாகாது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நேரில் போய்ப் பேசுவதற்கே கூசுகிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்த மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.