பல்லியும் ஆதி தாளமும்

அன்புள்ள தம்பிக்கு,

வயதில் தம்பி, வேலையில் வாத்தியார். அதனால் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, “அக்கா, கை நல்லா இருக்கு. ஆளுதான் இங்க இல்லை” என்றீர்கள். என் மகனை வகுப்பிலிருந்து நிறுத்திவிடலாமா என்று நீங்கள் யோசிப்பது குரலிலேயே தெரிந்தது. நீங்கள் மிருதங்கம் சொல்லித்தர ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. எனக்கு இவனிடம் 11 வருட சர்வீஸ். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், உங்கள் பாடம்தான் பிடிக்கவில்லையோ என்று மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். போன மாதம் கிரைண்டரில் உளுந்தைப் போட்டு, “தண்ணி தெளிச்சுக்கிட்டே இரு, அரை மணியானா நிறுத்துடா” என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். அங்கே எதிர்வீட்டு அம்மாளிடம் பேச்சு நீண்டுவிட்டது, அது வேறு கதை. இறங்கி வந்தால் கிரைண்டர் பாட்டுக்கு ஓடுகிறது, மாவு சூடேறிக் கிடக்கிறது, இவன் பக்கத்திலேயே நின்று தொடையில் தட்டிக்கொண்டிருக்கிறான். “ஏன்டா நிறுத்தலை?” “இரும்மா, இது மூணு மூணாப் போகுது. கல்லு இடிக்கிற இடத்தில மட்டும் ஒண்ணு கூடுது.” மறுநாள் இட்லியைக் கரணையாக வைத்து மிருதங்கத்துக்கு ஒரு வலந்தலையே கட்டியிருக்கலாம்.

மேதை என்று சொல்ல வரவில்லை. அவன் அப்பா அப்படி ஒரு வாரம் நம்பினார்; கணக்குப் பரீட்சைத் தாள் வந்ததும் தெளிந்தார்.

ஒரு டாக்டரிடமும் காட்டினோம். வீட்டில் மட்டுமா, பள்ளிக்கூடத்திலும் இப்படியா, எத்தனை வயதிலிருந்து என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, இது வயசுக் கோளாறு, கொஞ்சம் பொறுங்கள் என்றார். எடுத்த காரியத்தை விடாமல் முடிக்க வைப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியாம். அது முழுக்க முதிர 25 வயது வாக்கில் ஆகுமாம். உங்களுக்கு 23 என்று நினைக்கிறேன். ஆக, உங்களுக்கும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது.

இனி உங்களுக்குப் பயன்படுகிற விஷயம். மிருதங்கத்தின் தொப்பியில் ஒட்ட ரவை பிசையும் வேலையை அவனிடம் தராதீர்கள். அதற்கு எவ்வளவு வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். அவன் கையில் ரவை பிள்ளையாராகி, பிள்ளையார் எலியாகி, எலிக்கு வால் முளைத்து, வாத்தியத்துக்கு வந்து சேர்வதற்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். அப்புறம் தொப்பி எங்கே ‘தொம்’ சொல்லும்? அதே மாதிரி, ஒரு மூச்சில் ஒரு காரியம்தான் சொல்ல வேண்டும். ‘பாயை விரி, மிருதங்கத்தை எடு, போன பாடத்தை ரெண்டாம் காலத்தில் வாசி’ என்றால் பாய் விரியும். அதற்கு மேல் நடப்பது பெருமாள் செயல்.

கதைகளை வகுப்பு முடியும்போது சொல்லுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்புக்காரர் என்று பாடத்துக்கு நடுவில் ஒரு நாள் சொல்லிவிட்டீர்கள். அந்த வாரம் முழுக்க இவன் மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பல்லும் இடது கையால்தான் தேய்த்தான். ஆனால் அன்றைக்கு அவன், “அப்ப மேடையில அவர் எந்தப் பக்கம் உட்காருவார்?” என்று கேட்டானே, நீங்கள் “முதல்ல பாடத்தை வாசி” என்று அடக்கிவிட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வீட்டில் அவனும் அப்பாவும் சொம்பு, தம்ளர், டப்பாவெல்லாம் வைத்து மேடை போட்டார்கள். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமென்றால் இடக்கைக்காரர் பாடகருக்கு இடது பக்கம் போயாக வேண்டும், வயலின்காரர் எழுந்து இந்தப் பக்கம் வந்தாக வேண்டும் என்று கண்டுபிடித்தபோது ராத்திரி மணி பத்து. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் எழுத வைத்தது அதே சனிக்கிழமைதான். நான் கொஞ்சம் முன்னதாகவே வந்து ஜன்னலோரம் நின்றேன். பெரிய பையன் ஒருவன் கோர்வை வாசித்துக்கொண்டிருந்தான். தாளம் போட இவனை வைத்துவிட்டு நீங்கள் போனோடு வாசல் பக்கம் போயிருந்தீர்கள். இவன் பார்வை சுவரில். டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு பல்லி, அதற்கு ஒரு சாண் தள்ளி ஒரு பூச்சி. பல்லி நகர்ந்தால் இவன் தலையும் நகர்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது. கை மட்டும் அதன் பாட்டுக்கு ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டி வீச்சு, தட்டி வீச்சு என்று எட்டு அட்சரத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது. பூச்சி மாட்டியது. அப்போதும் விரல் பிசகவில்லை. பெரியவன் கோர்வையை முடித்து சமத்துக்கு அரை அட்சரம் முன்னாலேயே வந்து விழுந்தான். இவன் பல்லியை விட்டுவிட்டுத் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள், மாமியார் பார்வை!

நான் 11 வருடமாக ‘இங்கே கவனி, இங்கே கவனி’ என்று கத்திப் பார்த்துவிட்டேன். நீங்கள் கத்த வேண்டாம். ஒரு மாதம் எல்லாருக்கும் தாளம் போட அவனையே வையுங்கள். கூப்பிட்டால் வராதவன், தாளம் தப்பினால் வருகிறான்.

வரும் சனிக்கிழமை ரவை கொடுத்தனுப்புகிறேன். முன்பு அனுப்பிய மூன்று டப்பாக்களில் ஒன்றாவது அங்கே இருக்கிறதா பாருங்கள். இந்தக் கடிதத்தையும் அவன் பையில்தான் வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கைக்கு வரவில்லை என்றால் ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
அவன் அம்மா