படைத்தலைமை: பண்டை நெறியும் புது நெறியும்

போர் தீது என்பதை நம் நாட்டவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் வடுக்களை நம் ஊர்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. ஆயினும், பலருடைய உயிரைத் தன் கையிற் கொண்ட ஒருவன் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்னும் வினா, போரை வெறுப்பார்க்கும் உரியதேயாம். ஆதலின், பண்டைத் தமிழர் கண்ட படைத்தலைமையையும், பிற்காலத்தில் ஐரோப்பியர் வகுத்த படைத்தலைமையையும் ஈண்டு ஒப்புநோக்குவாம்.

பண்டை நெறி

தொல்காப்பியப் புறத்திணையியல் போரை முறைப்பட வகுத்துரைக்கின்றது. ஆநிரை கவர்தல் வெட்சி, மண் கருதி மேற்செல்லுதல் வஞ்சி, அரண் முற்றுதல் உழிஞை, இருபடையும் ஒரு களத்து நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. இவ்வொழுங்கினுள் வேந்தனுக்கும் வீரனுக்கும் உள்ள உறவும் அடங்கும். போர்க்கெழுமுன் வேந்தன் தன் வீரரோடு கூடியிருந்து அளிக்கும் விருந்து பெருஞ்சோற்று நிலை எனப்பட்டது. போரில் வீழ்ந்தானுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையும் அந்நூலிற் கூறப்பட்டுள்ளது. உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தல் வீரன் கடன். அவ்வுயிரை மறவாமை வேந்தன் கடன்.

இவ்வுறவின் சிறப்பை நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிற் காணலாம். 188 அடிகளையுடைய அப்பாட்டின் இறுதிப்பகுதி நம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கின்றது. வாடைக்காற்று வீசும் நள்ளிரவு; தெருவெல்லாஞ் சேறு; மழைத்துளி நின்றபாடில்லை. வேந்தன் துயிலவில்லை. வேம்பு சூட்டிய வேலேந்திய ஒருவன் முன்சென்று புண்பட்ட வீரரை ஒவ்வொருவராய்க் காட்ட, வேந்தன் இளைஞன் ஒருவன் தோள்மேற் கைவைத்து, முகமலர்ச்சியோடு அவர்களைக் கண்டு வருகின்றான். உடன் வந்தோர் சிலரே. அரண்மனையிலே அரசி பிரிவால் வருந்துகின்றாள். பாசறையிலே அரசன் வீரர் புண்ணை நோக்கி நிற்கின்றான். வேந்தனுடைய பெருமை இங்கே வாள் வலியாற் கூறப்படவில்லை என்பது மாணவர் ஊன்றி நோக்கற்பாலது.

இந்நெறியின் குறை

எனினும், தலைவன் ஒருவன்மேலேயே படை முழுதும் நிற்பதில் இடர் ஒன்றுண்டு. 949 இல் தக்கோலப் போரிலே சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே மாண்டான். சோழர் படை தோற்றது. 1054 இல் கொப்பத்துப் போரில் முதலாம் இராசாதிராசனும் அவ்வாறே மாண்டான். ஆனால் அங்கே அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் உடனே படையைத் தாங்கி, வென்று, போர்க்களத்திலேயே முடிசூடினான். இரண்டு களத்திலும் வீரம் குன்றவில்லை. பின்னதில் வீழ்ந்தானுடைய இடத்தை நிரப்ப ஒருவன் ஆயத்தமாயிருந்தான். நடத்துவாரில்லையேல் படையென ஒன்றில்லை எனத் திருவள்ளுவர் படைமாட்சி அதிகாரத்தை முடித்ததன் பொருட்பேறும் இதனால் விளங்கும்.

புது நெறி

இக்குறைக்கு ஐரோப்பா கண்ட மருந்து கல்வியாகும். 1806 இல் யேனா என்னுமிடத்திலே நெப்போலியனால் முறியடிக்கப்பட்ட புரூசியர், பழம்பெருமை படையைக் காவாது என்பதை உணர்ந்தனர். 1808 இல் சார்ண்கோர்சுற்று முதலியோரின் முயற்சியால், படையதிகாரியாதற்கு உயர்குடிப் பிறப்பு வேண்டும் என்னும் விதி நீங்கிற்று. அமைதிக் காலத்தில் அறிவும், போர்க்காலத்தில் ஆண்மையுமே தகுதியெனக் கொள்ளப்பட்டன. 1810 இல் பேர்லினிலே போர்க்கல்லூரி எழுந்தது. குறிக்கோளை மேலோன் கூற, அதனை எய்தும் வழியைக் களத்தில் நிற்பவனே தெரிந்துகொள்ளும் முறையும் நாளடைவில் வளர்ந்தது. ஒரு தலைவன் வீழ்ந்தால் அடுத்தவன் அப்பணியைத் தொடரலாயிற்று.

ஆயினும் இந்நெறிக்கும் ஓர் இடர் நேர்ந்தது. படை பெருகப் பெருக, தலைவன் களத்தினின்றும் விலகினான். வரைபடமும் தந்தியும் அவனுக்குக் கண்ணும் செவியும் ஆயின. 1916 யூலை 1 ஆந் திகதி சோம் ஆற்றுப் போரிலே, ஒரே நாளிற் பிரித்தானியர் பக்கத்தில் 19,000 பேருக்கு மேல் மாண்டனர். களத்தின் நிலை தலைமையகத்தைத் தெளிவாக எட்டுமுன் அடுத்தடுத்த அணிகள் முன்சென்றன.

இரண்டும் இணைந்த இடம்

இரு நெறியும் ஒருவரிடத்தே கூடியமைக்கு வில்லியம் ஸ்லிம் தக்க எடுத்துக்காட்டாவர். இளமையில் ஏழைச் சிறுவர்க்கு ஆசிரியராயிருந்தவர் அவர். 1942 இற் பர்மாவினின்றும் பின்வாங்கிய படையை நடத்தி, 1943 இற் பதினான்காம் படையின் தலைவரானார். அவருடைய மேல்தலைமையகம் 1944 இல் நம் நாட்டுக் கண்டியிலே அமைந்தது. அக்காலத்திற் புண்பட்டு அகற்றப்பட்ட ஒருவனுக்கு ஏறத்தாழ 120 பேர் நோயால் அகற்றப்பட்டனர். அவர் நோயாளரைக் களத்தின் அருகிலேயே வைத்து மருத்துவஞ் செய்வித்தார். மலேரியாத் தடுப்பு மாத்திரையை ஒவ்வொரு வீரனும் உட்கொள்ளுகின்றானா எனத் திடீர்ச் சோதனை நடத்தினார். வீரன் தவறினால் அவனுடைய அதிகாரியையே பொறுப்பாக்கினார். அதிகாரிகள் மூவர் பதவியிழந்தனர். நோய் தணிந்தது. 1944 இல் இம்பாலிலும் கொகிமாவிலும் அப்படை வென்றது.

மாத்திரையும் சோதனையும் புது நெறி. வீரனுடைய உடல்நலத்துக்குத் தலைவனே கடமைப்பட்டவன் என்னும் துணிபோ நெடுநல்வாடையின் வேந்தனுடையது. படை சுருங்குதலும், உள்ளத்தே மாறா வெறுப்பும், வறுமையும் இல்லாத படையே வெல்லும் என வள்ளுவர் கூறியதும் இதனையே அரண் செய்யும். அம்மூன்றையும் நீக்குதல் வீரனால் ஆவதன்று, தலைவனாலேயே ஆவது.

முடிவுரை

அணிநடை பயிலும் மாணவனுக்கும், வகுப்பை நடத்தும் ஆசிரியனுக்கும், அலுவலகங்களிற் பலரை மேற்பார்க்கும் பழைய மாணவர்க்கும் இதனாற் பெறப்படுவது ஒன்றுண்டு. தனக்குப்பின் தன் பணியைத் தாங்குவோரை ஆக்காத தலைவன் தக்கோலத்துத் தலைவனாவான். தன்கீழ் உள்ளாருடைய துன்பத்தை ஏட்டிலே மட்டும் காண்பவன் சோம் ஆற்றுத் தலைவனாவான். கல்வியால் முன்னைய குறையையும், நேரிற் சென்று காணும் அன்பால் பின்னைய குறையையும் களைதல் கூடும். நள்ளிரவிற் சேற்றுத்தெருவில் நடந்த அவ்வேந்தனை நம் கல்லூரி மாணவர் மறவாதிருப்பாராக.