அந்தரங்கம் காக்கும் கட்டற்ற மென்பொருள்கள்

மூலநிரலை எவரும் பரிசோதிக்கலாகும் இம்மூன்றையும், அவற்றின் அதிகாரபூர்வத் தளங்களிலிருந்தே இறக்கிக்கொள்க.

● சிக்னல்: அனுப்புகிறவரும் பெறுகிறவருமன்றி, நடத்தும் நிறுவனமும் வாசிக்கவியலாதபடி செய்திகளை மறையாக்கம் செய்யும் இச்செயலியில், நண்பரின் பெயரைத் தொட்டு உட்சென்றால் காணும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணை, அவரை நேரில் சந்திக்கும் சமயத்தில் இருவர் கைபேசியிலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது உத்தமம்.

● கீபாஸ்எக்ஸ்சி: கடவுச்சொற்களையெல்லாம் நம் கணினியிலேயே பூட்டிய ஒரே கோப்பில் சேமிக்கும் இதன் பிரதான கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தருவார் எவருமில்லையாதலால், அதனைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் பூட்டிவைப்பதும், கோப்பின் பிரதியொன்றைப் பென்டிரைவில் எடுத்துவைப்பதும் விவேகம்.

● டோர் உலாவி: நம் இணையப் போக்குவரத்தை மூன்று கணினிகளின் வழியே சுற்றியனுப்பி இருப்பிடத்தை மறைப்பதாயினும், அதனுள்ளிருந்தே சொந்தப் பெயரிலுள்ள கணக்கில் நுழைவோமாயின், அக்கணக்குள்ள தளத்துக்கு நாம் யாரென்பது அக்கணமே தெரிந்துவிடும்.